கப்பலைக் கூப்பிட்ட மாதா

பெரியம்மா அந்த ஸ்டூலைத் தலையில் சுமந்துகொண்டு வந்த மத்தியானம் எனக்கு இன்னும் கனவில் பார்த்ததுபோலத்தான் இருக்கிறது. கடல் பக்கமிருந்து வெயில் புகையாக எழும்பிக்கொண்டிருந்தது. கரையில் ஏற்றி வைத்த படகுகளெல்லாம் மணலைத் தொடாமல் மிதப்பதுபோலத் தெரிந்தன. அந்தப் புகைக்குள்ளிருந்து, மீன் கூடைக்கு மேல் நான்கு மரக்கால்கள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்க, ஏதோ ஒரு மிருகத்தை அடித்துத் தூக்கி வருபவளைப்போல அவள் நடந்து வந்தாள்.

"இன்னா பெரியம்மா இது?"

"சோபாடா. வெள்ளக்காரன் சோபா."

அது பியானோ வாசிப்பவர்கள் உட்காரும் ஸ்டூல் என்று எங்கள் குப்பத்தில் யாருக்கும் தெரியாது. பெரியம்மா மந்தைவெளி, சாந்தோம் பக்கம் வீடு வீடாக மீன் விற்பவள். அவளிடம் ரொம்ப வருஷமாக வஞ்சிரமும் சங்கராவும் வாங்கிவந்த ஒரு வயதான தம்பதி, வீட்டை அடுக்குமாடி கட்டுகிறவர்களிடம் கொடுத்துவிட்டு, மகளோடு இருக்க வெளிநாட்டுக்குக் கிளம்பினார்கள். பியானோ லாரி ஏறிப் போயிற்று. அதன் ஜோடியை லாரிக்காரன் மறந்துவிட்டான். "நீ எடுத்துக்கோம்மா, உட்கார்ந்து மீன் ஆயலாம்" என்று அந்த வீட்டம்மா கொடுத்திருக்கிறார். ஸ்டூலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்தவள் இந்த உலகத்திலேயே கிடையாது என்று சொல்லிப் பெரியம்மா சிரித்தாள். ஆனால் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். உட்காரும் இடத்தில் கத்தரிப்பூ நிறத்தில் வெல்வெட் இருந்தது. அதில் யாரும் உட்காரக் கூடாது என்று வந்த அன்றைக்கே சட்டம் போட்டாள். அண்ணன் லீவில் வந்தால் முதலில் அவர்தான் உட்கார வேண்டுமாம்.

அண்ணன் பெரியம்மாவின் ஒரே மகன். பெரியப்பா நான் பிறப்பதற்கு முன்பே கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அதிலிருந்து பெரியம்மாவுக்கும் கடலுக்கும் பேச்சு கிடையாது. கரையிலேயே குடியிருந்து, கடல் தந்ததை விற்றே பிழைத்து, அதை நிமிர்ந்து பார்க்காமல் காலம் தள்ளினாள். அண்ணனுக்கோ படகின்மேல்தான் ஆசை. எட்டாவது முடித்ததும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் துடுப்பைத் தொட்டவரை, "கடலு வேணாண்டா, வேற எங்கனா போ" என்று அவள்தான் அரித்தெடுத்தாள். சண்டை போட்டாள். சோறாக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கடைசியில் அண்ணன் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் வரிசையில் போய் நின்றார். அங்கே அவருக்குக் கிடைத்தது சமையல் வேலை. குப்பத்தில் நாங்கள் அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்திருந்தோம். கரண்டியைப் பற்றி யாரும் பேச மாட்டோம். தண்ணீரே இல்லாத மலைக்கு மகனை அனுப்பிவிட்ட நிம்மதியில் பெரியம்மா நன்றாகத் தூங்கினாள்.

அப்புறம் டீக்கடை ரேடியோவில் கார்கில் என்ற பெயர் வந்தது.

நான் அப்போது மூன்றாவது வகுப்பு. யுத்தம் என்பது ஒருவகைப் பாட்டு என்றுதான் எனக்குப் புரிந்திருந்தது. ஏனென்றால் அந்தக் கோடை முழுக்கப் பாட்டாகவே இருந்தது. டீக்கடையில் பாட்டு. ஜவான்களுக்கு நிதி திரட்ட வந்த வேனில் குழாய் கட்டிப் பாட்டு. பெசன்ட் நகர் பஸ் ஸ்டாண்டில் கொடி விற்ற பையன்கள்கூடப் பாட்டுப் போட்டுத்தான் விற்றார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் எங்களுக்கு ஓர் இந்திப் பாட்டைச் சொல்லிக்கொடுத்து, நின்ற இடத்திலேயே லெஃப்ட் ரைட் போடச் சொன்னார்கள். ஒரு வார்த்தையும் விளங்காமல், நெஞ்சு நிமிர்த்தி, கண்ணில் நீர் வரும் அளவுக்கு உருகிப் பாடினோம். மாலையில் அந்தப் பாட்டுகளெல்லாம் கடற்காற்றில் கலந்து, எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் குப்பத்துச் சந்துகளில் சுற்றிக்கொண்டிருக்கும். அம்மாவின் மடியில் படுத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தால், எல்லையும் எங்கள் கரைக்குப் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறது, வெளிச்சமும் வாத்தியமுமாக ஒரு திருவிழா நடக்கிறது, அண்ணன் அதில் பந்தி பரிமாறிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும்.

பெரியம்மா அந்தப் பாட்டுகளைக் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வாள். அண்ணனிடமிருந்து போன் வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. குப்பத்து முனையில் இருந்த எஸ்டிடி பூத்துக்குத்தான் அவர் பேசுவார். கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை, பெரியம்மா அங்கே நின்று உள்ளே எட்டிப் பார்ப்பாள். பூத்துக்காரர் தலையை மட்டும் ஆட்டுவார். அவள் கூடையைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிடுவாள்.

"நான்தாண்டி தள்ளிவுட்டேன்" என்று ஒருநாள் என் அம்மாவிடம் சொன்னாள். "கடலா இருந்திருந்தா கண்ணுக்கு எதுர்லயாவது இருந்திருப்பான்."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வேன் பாடிக்கொண்டே போனது.

ஸ்டூல் திறக்கும் என்பதைக் கண்டுபிடித்தது நான். சட்டத்தை மீறி அதில் ஏறி நிற்கப் பார்த்தபோது வெல்வெட் பலகை ஒருபக்கமாகத் தூக்கிக்கொண்டது. உள்ளே பெட்டி மாதிரி இடம். அதில் பழுப்பேறிய பெரிய பெரிய தாள்கள். அந்துருண்டையும் பழைய மழையும் கலந்த ஒரு வாசனை. தாள்கள் நிறையக் கோடுகள், கோடுகளில் தொங்கும் கறுப்புப் புள்ளிகள். நீளமான கயிற்றில் வரிசையாகத் தூண்டில் முள் கட்டி வைத்ததுபோல இருந்தது. இவ்வளவு மெல்லிய முள்ளில் என்ன மீன் பிடிப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து என் முதுகில் ஓர் அடி விழுந்தது. இரண்டாவது அடி விழவில்லை. பெரியம்மா மேலே கிடந்த தாளைப் பார்த்துவிட்டாள்.

அந்தத் தாளில் படம் இருந்தது. கடற்கரையில் ஒரு பெண் நிற்கிறாள். தலையில் நீல முக்காடு. அவள் தலைக்குப் பின்னால் சூரியன் உதித்து, கதிர்கள் சுற்றிலும் விரிந்திருக்கின்றன. ஒரு கை நெஞ்சில். இன்னொரு கை கடலைப் பார்த்து நீண்டிருக்கிறது. கடலில் புகை விட்டுக்கொண்டு ஒரு கப்பல்.

"மாதாடா" என்றாள் பெரியம்மா. "கடலு மாதா. கப்பல கையாட்டிக் கூப்புடறாங்க பாரு."

பார்த்தேன். கூப்பிடுகிற மாதிரியேதான் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இப்படியொரு கௌரவம் எட்டு வயதில் கிடைத்தால் மனிதன் நிதானமாக இருக்க முடியாது. உள்தாளைத் தரையில் விரித்து, விரல் வைத்து, கோடுகளுக்கு அடியில் இருந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். தெரியாத வார்த்தைகளைத் தாண்டிக் குதித்து, தெரிந்தவற்றை மட்டும் உரக்கச் சொன்னேன். கப்பல். பையன். அம்மா. கடல். வீடு.

ஒவ்வொரு வார்த்தைக்கும் பெரியம்மா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"போ" என்றேன். அந்த வார்த்தை நிறைய இடத்தில் இருந்தது.

"இன்னாது?"

"போன்னு கீது பெரியம்மா. போ, போ."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு முகம் தெளிந்தது. "நம்ம வூட்ல ஒருத்தர் கெளம்பனா போன்னா சொல்றோம்? போய்ட்டு வான்னுதான சொல்றோம். வெள்ளக்காரனுக்கு அத்தயே சுருக்கிச் சொல்லத் தெரியும். நீ படி."

அன்று மாலையே படமிருந்த மேல்தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் போயிற்று. எங்கள் தெருமுனையில் கல்லும் சிமெண்டும் வைத்துக் குகை மாதிரிக் கட்டிய மாதா கெபி ஒன்று இருந்தது. உள்ளே இருந்த மாதா சிலைக்குப் பக்கத்தில் சட்டத்தைச் சாய்த்து வைத்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். மறுநாள் பார்த்தால் முல்லைச் சரம். அதற்கடுத்த நாள், மாரியம்மன் கோயிலுக்குப் போகிற பெண்கள்கூட நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கப்பலைக் கூப்பிட்ட மாதா என்று பேரும் வந்துவிட்டது. படகேறிப் போனவர்கள் வீட்டில் எல்லாருக்குமே அவளிடம் கேட்க ஏதாவது இருந்தது.

படம் இருக்கிறது, பாட்டும் இருக்கிறது, ஆனால் மெட்டு தெரியவில்லை என்பதுதான் பெரியம்மாவின் அடுத்த கவலை. ஜூன் கடைசியில் இராயப்பர் திருவிழா. மீனவர்களின் புனிதர் என்பதால் எங்கள் சின்னக் கோயிலில் அன்றைக்குப் படகுகளை மந்திரிப்பார்கள். அன்று அந்தப் பாட்டைக் கோயிலில் பாட வைத்தால் மகன் வந்துவிடுவான் என்று நேர்ந்துகொண்டாள். பாட வேண்டியவன் நான். படிக்கத் தெரிந்தவன் ஆயிற்றே.

கோடு புள்ளியெல்லாம் படிக்கத் தெரிந்த ஒரு கீபோர்டு டீச்சர் லஸ் பக்கம் இருப்பதாக அவளுக்கு வாடிக்கை வீட்டில் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை 29சி பஸ்ஸில் கிளம்பினோம். உள்தாள்களைப் புது முறத்தில் வைத்து, மேலே வெள்ளைத் துணி மூடி, பெரியம்மா மடியில் வைத்திருந்தாள். கண்டக்டர் மூக்கைச் சுருக்கினார்.

"இன்னாம்மா, உள்ள மீனு கீதா? மீனுன்னா எறங்கிடு."

"மீனு இல்ல நைனா. மாதா கீறாங்க."

"மாதாவுக்கு டிக்கெட் எட்த்தியா?"

"அவங்க பையன் பேர்ல பாஸ் கீது. நீ ரெண்டு குடு."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டு, ஜன்னலோர சீட்டிலிருந்த ஒருவரை எழுப்பி, மாதாவுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். அடையாறு பாலத்தின்மேல் பஸ் போனபோது ஆறும் கடலும் சேருமிடம் வெள்ளித் தகடுபோலக் கிடந்தது. பெரியம்மா அந்தப் பக்கம் பார்க்காமல், துணிமேல் கை வைத்தபடி, உதடு மட்டும் அசைய செபமாலை சொல்லிக்கொண்டு வந்தாள்.

டீச்சர் என்றதும் கண்ணாடி போட்ட வயதான ஒருவரை நினைத்திருந்தேன். கதவைத் திறந்தவர் ஈரத் தலையை உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அக்கா. சின்ன அறை. ஜன்னலில் பச்சைத் திரை. வெளியே லஸ் சிக்னலின் ஹாரன் சத்தமெல்லாம் அந்தத் திரையில் பட்டு மெத்தென்று உள்ளே வந்தது. அக்கா தாள்களை வாங்கிப் பார்த்தார். முதலில் புள்ளிகளைப் பார்த்து ஒரு கையால் தொடைமேல் வேகமாகத் தாளம் தட்டினார். பிறகு வார்த்தைகளைப் படித்தார். தாளம் நின்றது.

இப்போது அந்த வார்த்தைகள் எனக்கு முழுதாகத் தெரியும். அட்டைப்படத்தைக் கெபிக்குள் உப்புக்காற்று தின்றுவிட்டது. உள்தாள்கள் என்னிடம்தான் இருக்கின்றன. தேனாம்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், செல்போனில் அந்தப் பாட்டின் தலைப்பைத் தட்டிப் பார்த்தேன். கிடைத்தது. பித்தளை வாத்தியங்கள் முழங்க, கால்கள் தானாக எழும்படி, கடகடவென்று ஓடும் பாட்டு. முதல் உலகப்போரின்போது லண்டன் நாடக அரங்குகளில் பெண்களைக் கொண்டு இதுபோன்ற பாட்டுகளைப் பாட வைப்பார்களாம். பாட்டு முடிவதற்குள் கூட்டத்திலிருந்து இளைஞர்கள் மேடைக்கு வந்து பட்டாளத்தில் சேரக் கையெழுத்துப் போடுவார்களாம். வீட்டுப் பியானோவில் வாசிக்க இப்படித் தாளாக அச்சடித்தும் விற்றிருக்கிறார்கள். கப்பலேறி இந்த ஊர் வரைக்கும் வந்திருக்கிறது. படத்தில் இருந்தவள் கப்பலைக் கூப்பிடவில்லை. கப்பலைக் காட்டி மகனைப் போகச் சொல்கிறாள். போ மகனே, அம்மா சொல்கிறேன், தயங்காதே, போ. பாட்டின் தலையில், எந்த வேகத்தில் வாசிக்க வேண்டும் என்பதற்கும் ஒரு குறிப்பு உண்டு: படை நடக்கும் வேகத்தில்.

அன்றைக்கு அந்த அக்கா இதையெல்லாம் படித்துவிட்டு நிமிர்ந்தபோது, பெரியம்மா தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பட்டாளத்துக்குப் போவ மாட்டேன்னுதாம்மா சொன்னான். நான்தான் போ போன்னு அனுப்ச்சேன். இப்ப அங்க சண்டன்றாங்க. ஒரு போன் கூட இல்ல. இந்தப் பாட்ட அன்னிக்குப் பாடிட்டா வந்துடுவான் டீச்சரம்மா. மாதா கையாட்டிக் கூப்பிடறாங்க, நீங்களே பாத்திருக்கணும்."

அக்கா என்னைப் பார்த்தார். பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு மறுபடியும் தாளைப் பார்த்தார். வாசிக்கத் தெரியவில்லை போலிருக்கிறது, பாவம், என்று எனக்குத் தோன்றியது.

"அழகான மெட்டும்மா" என்றார் கடைசியில். "நான் வாசிக்கிறேன்."

கீபோர்டின்முன் உட்கார்ந்து ஆரம்பித்தார். நான் ரேடியோவில் கேட்ட எந்தப் பாட்டும் இவ்வளவு மெதுவாக இருந்ததில்லை. ஒரு சுரத்தை விட்டுவிட்டு, அது போய்ச் சேர்ந்துவிட்டதா என்று காத்திருந்து, அடுத்ததைத் தொட்டார். அலை இறங்கிய பிறகு ஈரமணலில் நுரை தானாக அடங்குவதுபோல இருந்தது. பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தலை மெல்ல மெல்ல ஆடிற்று. எனக்குத் தூக்கம் வந்தது. தூக்கத்துக்குள்ளேயே, என் சாதனையைக் காட்ட வேண்டிய இடம் இதுதான் என்று நினைவு வந்து, வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன்.

அக்கா கையை எடுத்துவிட்டார். "வார்த்தை வேணாம் கண்ணா."

"எனக்குப் படிக்கத் தெரியும்க்கா."

"தெரியும். நல்லாவே படிக்கிற. ஆனா இதுக்கு வார்த்தை வேணாம். 'மரியே'ன்னு மட்டும் பாடு. பாட்டு முழுக்க அது ஒண்ணுதான்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரே ஒரு வார்த்தையைப் பாடுவதற்கு இங்கிலீஷ் படித்தவன் எதற்கு? பக்கத்து வீட்டுப் பையன்கூடப் பாடிவிடுவானே. திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். "டீச்சரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும், கம்முனு கெட" என்று பெரியம்மா வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள். அவள் வாய் அதற்குள் 'மரியே' என்று முனக ஆரம்பித்திருந்தது.

அதற்குப் பிறகு கூடையைத் தூக்கும்போது, மீன் ஆயும்போது, எஸ்டிடி பூத் வாசலில் நிற்கும்போதெல்லாம் அந்த முனகல்தான். மீன் விற்கும் மற்றப் பெண்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. விடியற்காலையில் ஏலம் முடிந்து அவர்கள் வரிசையாக நடந்து போகும்போது, இருட்டுக்குள்ளிருந்து யார் பாடுகிறார்கள் என்று தெரியாமல் அது மட்டும் வரும்.

திருவிழாவுக்கு அக்கா கீபோர்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் அவரை வாசலிலேயே நிறுத்தினார். எங்கள் கோயிலில் அவருக்குத் தெரியாமல் ஒரு பல்லிகூடச் சத்தம் போட முடியாது.

"இது எந்தப் புஸ்தகத்துல இருக்கற பாட்டும்மா?"

"ரொம்பப் பழைய பாட்டு சார். வெளிநாட்டுது."

"ரோம்ல பாடுவாங்களா?"

"லண்டன்ல பாடியிருக்காங்க."

"லண்டன்லயும் மாதா பக்தி இருக்கா? பரவாயில்லயே" என்று வழிவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. அவர் விரல்கள் தாளின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தன. யாருக்கும் வார்த்தைகள் தெரியக்கூடாது என்பதற்காக, வார்த்தை அச்சடித்த பகுதியின்மேல் வெள்ளைத்தாளை ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். கிழிந்த இடத்தை ஒட்டியிருக்கிறார் என்று நினைத்தேன்.

படகுகளுக்குத் தீர்த்தம் தெளித்து முடிந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடல் மேல் செம்மண் கரைத்த நிறம். என்னைப் பெஞ்சில் ஏற்றி மைக் முன்னால் நிறுத்தினார்கள். கீபோர்டு ஆரம்பித்தது. நான் 'மரியே' என்று எடுத்தேன். இரண்டாவது அடி பாடும்போது கரண்ட் போய்விட்டது.

கீபோர்டு நின்றது. மைக் நின்றது. என் குரல் திடீரென்று சுண்டெலிக் குரல் ஆகிவிட்டது. யாரோ, "ஐயோ, பாட்டு நின்னுடக் கூடாதே" என்றார்கள். நேர்ந்துகொண்ட பாட்டு பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் ஒரே நினைப்பு. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அதற்குப் பிறகு நான் எவரிடமும் பார்த்ததில்லை.

அப்போது பின்வரிசையில் கூடையோடு நின்ற ஒருத்தி, கரகரத்த குரலில் விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். அவளோடு இன்னொருத்தி. தெருத்தெருவாக மீன் கூவிக் கூவி உரமேறிய குரல்கள். மைக்கே வேண்டாம். அக்கா கீபோர்டிலிருந்து எழுந்து, கையை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, அவசரப்படாதீர்கள், அவசரப்படாதீர்கள் என்பதுபோல வேகத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். கோயில் முழுக்க அந்த ஒரே வார்த்தை ஏறி இறங்கிற்று. வெளியே அலையும் அதே நிதானத்தில் வந்து போனது. எனக்குக் காலடியில் பெஞ்சு இருப்பது தெரியவில்லை. கோயிலே மெல்ல நங்கூரம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறது என்று நினைத்தேன்.

பாட்டு முடிந்ததும் பெரியம்மா அக்காவின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அக்கா, "எனக்குப் போய் இதெல்லாம் பண்ணாதீங்கம்மா, வேணாம்மா" என்று பின்னால் நகர்ந்தார். அவர் ஏன் அழுதார் என்று எனக்குத் தெரியவில்லை. கரண்ட் போனதால் வாசிக்க முடியாத வருத்தம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சண்டை முடிந்துவிட்டதாக ரேடியோ சொன்ன பிறகுதான் போன் வந்தது. பூத்துக்காரர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். பெரியம்மா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, "சாப்ட்டியாடா? சாப்ட்டியாடா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்கே சமைத்துப் போடுகிறவரைப் பார்த்து அவளுக்குக் கேட்க அதுதான் இருந்தது.

மழைக்காலத்துக்கு முன்னால் அண்ணன் லீவில் வந்தார். இளைத்துக் கறுத்திருந்தார். நிறையச் சிரித்தார், ஆனால் யாராவது பாத்திரத்தைக் கீழே போட்டால் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அவரைக் கத்தரிப்பூ வெல்வெட்டில் உட்கார வைத்து, தட்டில் வஞ்சிரக் குழம்பும் சோறும் போட்டு, பெரியம்மா என்னை முன்னால் நிறுத்தினாள்.

"பாட்றா. உங்கண்ணன இட்டாந்த பாட்டு."

நான் கண்ணை மூடி, அக்கா சொல்லிக்கொடுத்த நிதானத்தோடு பாடினேன். கண்ணைத் திறந்தபோது அண்ணனின் கை சோற்றிலேயே நின்றிருந்தது. அவருடைய வலது கால் கட்டைவிரல் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. நான் பாடிய வேகத்துக்கு இல்லை. அதைவிட வேகமாக, வேறு யாரோ பாடுவதைக் கேட்பதுபோல. பிறகு அவரே அதைக் கவனித்து, இடது காலைத் தூக்கி வலது கால்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

"எப்டிக்கீது?" என்றாள் பெரியம்மா.

"நல்லாக்கீதும்மா" என்றார். "ரொம்ப நல்லாக்கீது."

மாலையில் என்னை மட்டும் கரைக்கு அழைத்துப்போனார். ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தோம்.

"இந்த மெட்டு எங்கேந்துடா புட்ச்சீங்க?"

ஸ்டூலில் தொடங்கி லஸ் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே மணலை அள்ளி அள்ளி விட்டார்.

"எங்க பேண்டுல இத்த வாசிப்பானுங்க."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "உங்க பட்டாளத்துலயும் மாதா பாட்டு வாசிப்பாங்களா?"

"ம்."

"எப்போ?"

"லாரி ஏத்தும்போது. மேல அனுப்பறானுங்க இல்ல, அப்போ." கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "எங்கூட ஏறனவனுங்க நெறையப் பேரு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். "அம்மாகிட்ட சொல்லாத."

"ஏன்ணா? கேட்டா சந்தோஷப்படும்."

"சொல்லாதன்னா சொல்லாத."

இவ்வளவு நல்ல செய்தியை மறைக்கச் சொல்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். ஆனாலும் அண்ணன் பட்டாளத்துக்காரர், பட்டாளத்து ரகசியங்கள் இருக்கும் என்று சொல்லாமல் இருந்தேன். கடைசி வரை பெரியம்மாவிடம் யாருமே சொல்லவில்லை.

லீவு முடிந்து அவர் கிளம்பிய காலையில், மறுபடியும் பாட்டோடுதான் அனுப்ப வேண்டும், அப்போதுதான் மறுபடியும் வருவான் என்று பெரியம்மா தீர்மானித்திருந்தாள். தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அண்ணன் முன்னால் நடந்தார். பின்னால் அவள். பக்கத்தில் நான். மீன்காரப் பெண்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். சந்துகளைத் தாண்டித் தார் ரோட்டுக்கு வந்ததும், தூரத்தில் பஸ் திரும்பி நிற்பது தெரிந்தது. "நட, நட, வண்டிய வுட்டுடப் போறான்" என்று பெரியம்மா எட்டி வைத்தாள். தலைச்சுமையோடு ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பழகிய கால்கள் அவை. கால்கள் வேகம் பிடிக்க, வாயிலிருந்த பாட்டும் கூடவே வேகம் பிடித்தது. எல்லாப் பெண்களும் அவள் வேகத்துக்குப் பாடினார்கள். தூங்க வைக்கிற பாட்டாக இருந்தது திடீரென்று விறுவிறுவென்று, பள்ளிக்கூடத்தில் நாங்கள் பாடுகிற மாதிரி, கொடி பிடித்துக்கொண்டு பாடலாம்போல ஆகிவிட்டது. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. என் கால்கள் தானாக லெஃப்ட் ரைட் போட்டன.

அண்ணன் கால்கள் மட்டும் அதில் சேரவில்லை. ஓர் எட்டு நீளமாக வைத்தார், அடுத்ததைக் குட்டையாக வைத்தார். நடுவில் நின்று பெட்டியைத் தோள் மாற்றினார். பாட்டு அவர் காலைப் பிடிக்க வர வர, தார் ரோட்டில் மணலில் புதைகிறவரைப்போலத் தாளம் தப்பித் தப்பி நடந்தார். பட்டாளத்தில் இத்தனை நாள் இருந்தும் ஒழுங்காக லெஃப்ட் ரைட் போடத் தெரியவில்லையே என்று எனக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அவருக்குச் சரியான நடையைக் காட்டுவதற்காக, நான் அவருக்கு முன்னால் ஓடிப்போய், நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் வீசி வீசி நடந்தேன்.